பினாங்கிலிருந்து சைரன் வராத காரணம்

வசந்தா, செந்தில், பூங்கொடி, மூன்று பேருக்கும் அப்பா எழுதுவது.

பெட்டியைத் திறந்த அன்று உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். "எங்கப்பா பினாங்குலேருந்து சைரன் கொண்டாராரு" என்று செந்தில் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பெட்டிக்குள் இருந்ததோ இரண்டு கறுப்பு ரப்பர் பைகள், காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று, வளைந்த பிளாஸ்டிக் குழாய்கள் கொஞ்சம். "இது சைக்கிளுக்குக் காத்தடிக்கிறதாப்பா?" என்று பூங்கொடி கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அதனால் வசந்தாவின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் வசந்தா திருத்தட்டும்.

நான் ஓட்டும் ஆஸ்பத்திரி வண்டிக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு பெஞ்சு, தண்ணீர்க் கூஜா. அப்புறம் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் சணல் கயிற்றில் தொங்கும் இரும்புச் சாவி. எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவி. வலிப்பு வந்தவர் கையில் கொடுப்பதற்காக நான் கட்டி வைத்தது. பன்னிரண்டு வருஷமாகத் தொங்கியது.

செல்லம்மாள் செத்த நாளும் நினைவிருக்கும். நாற்று நடும்போது பாம்பு கடித்தது. புருஷன் மடியில் தலைவைத்து வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போகும் வரை நான் ஹாரனை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கேட்டைத் திறந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. "சைரன் இருந்திருந்தா கேட்டைத் தூக்கியிருப்பான்" என்று அம்மாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கொடை கொடுக்கும் ஹாஜியாரிடமும் அதையேதான் சொன்னேன்.

வருஷத்தில் பாதி நாள் அவர் பினாங்குக் கடையில் இருப்பார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட்டார். அங்கே தொண்டர்கள் நடத்தும் ஓர் ஆம்புலன்ஸ் சங்கம் புது வண்டி வாங்கியிருக்கிறது, பழைய வண்டிச் சாமான்களைத் தருகிறார்கள், வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் எது வேண்டும் என்று தெரியும், சுப்பையாவை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். தன் சரக்கோடு ஒரு பெட்டி ஏற்றலாம், ஒன்றுதான் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பெட்டியில் முதலில் சைரன்தான் என்று கப்பலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

துறைமுகத்தில் என்னை அழைக்க வந்தவர் முனியாண்டி. சங்கத்து வண்டியின் டிரைவர் அவர்தான், நோயாளியைத் தூக்குகிறவரும் அவர்தான். நாற்பது வயதிருக்கும், கட்டையான ஆள், சட்டைப் பையில் எப்போதும் கடலைப் பொட்டலம். "வாங்கண்ணே, பசியா இருப்பீங்க. பேச்செல்லாம் அப்புறம்" என்று நேரே சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப் போனார்.

நாசி கண்டார் என்று பெயர். நம் ஊரிலிருந்து போன முஸ்லிம்கள் நடத்தும் கடை. சோற்றை வைத்து, அதன்மேல் மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு ஒரு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிவிட்டார்கள். நம் வீட்டில் ரசமும் குழம்பும் தொட்டுக்கொண்டாலே பூங்கொடி தட்டைத் தள்ளுவாள். நான் திகைத்து உட்கார்ந்திருந்தேன். "கலந்து அடிங்கண்ணே. தனித்தனியா சாப்பிட இது கல்யாண வீடா?" என்றார் முனியாண்டி. அடித்தேன். அதன் ருசியை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அவர் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம் என்ற இடத்தில். நான் தங்கியதும் அங்கேதான். தினமும் ஃபெரி என்கிற பெரிய படகில்தான் பினாங்குத் தீவுக்கு வருகிறார். கடலுக்குக் குறுக்கே பெரிய பாலம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள், தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் நின்றன.

இரண்டாம் நாள் எனக்கு ஃபெரியிலேயே மானம் போயிற்று. முனியாண்டி விடிகாலையில் போய்விட்டார், நான் தனியாக ஏறினேன். லாரியும் காரும் வரிசையாக வயிற்றுக்குள் நுழைவதைக் கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாரும் இறங்கினார்கள். மறுபடி எல்லாரும் ஏறினார்கள். நான் லாரிக்காரர்கள் எப்படி ரிவர்ஸ் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மறுபடி பட்டர்வொர்த். பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி, "என்ன அண்ணே, சும்மா காத்து வாங்க வந்தீங்களா?" என்று சிரித்தாள். திரும்ப டிக்கெட் எடுத்து வந்தேன்.

சங்கத்து ஆபீஸ் ஒரு பழைய கடை வீட்டின் கீழ்த்தளம். அங்கே இருந்தவர் சாரதா மிஸ்ஸி. நர்ஸை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபது வயது. ஊசி போட்டே பழகிய ஆள் போலப் பேச்சும் நறுக்கென்று இருக்கும்.

வெளியே புது வண்டி நின்றது. அதன் தலையில் சைரன். பழைய வண்டியின் சைரனைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். "அதான் உங்களுக்கு" என்றார் முனியாண்டி. "புது வண்டியில ஏறி ஒரு தடவை அமுக்கிப் பாருங்கண்ணே." அமுக்கினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. சைக்கிள்காரர் ஒருவர் ஓரமாக ஒதுங்கினார். எனக்கு அப்போது செந்தில் வயது.

"விளையாடினது போதும், இங்க வாங்க" என்று மிஸ்ஸி கூப்பிட்டார். ரப்பர் பையைக் காட்டினார். ஒரு முனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மூடி இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூடியை இறுக்கிப் பிடித்து, ஐந்து எண்ணி ஒரு அமுக்கு. மறுபடி ஐந்து எண்ணி ஒரு அமுக்கு. மூச்சுவிட மறந்தவனுக்கு நாம் மூச்சுவிடுகிறோம், அவ்வளவுதான் என்றார். ஒரு ரப்பர் பொம்மையின் மேல் என்னைச் செய்யச் சொன்னார். செய்தேன். கண் மட்டும் மேஜைமேல் இருந்த சைரன் பக்கமே போயிற்று.

அலமாரிக்குள் ஒரு சிவப்புத் தகரப் பெட்டி இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"நலாக்சோன்" என்றார் மிஸ்ஸி. "இங்க தூள் அடிக்கிறவங்க நெறைய. ஹெராயின். ஊசியில ஏத்திக்குவாங்க. கொஞ்சம் கூடிப் போனா மூச்சு நின்னுடும். இதைத் தொடையில போட்டா ரெண்டு மூணு நிமிஷத்துல எழும்பிடுவாங்க."

"அப்ப இது வண்டியிலல்ல இருக்கணும்?"

முனியாண்டி சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "இந்தக் கேள்வியத்தான் நான் ஒரு வருஷமா கமிட்டியில கேக்குறேன் அண்ணே. வண்டியில ஊசி இருந்தா திருடிட்டுப் போயிடுவானுங்களாம். போலீஸ் பாத்தா சங்கத்துக்குப் பேரு கெட்டுடுமாம். ஆளு ரோட்டுல சாவுறான், மருந்து அலமாரியில நல்லா தூங்குது."

அலமாரிக்குச் சாவி ஒன்றுதான். டிரைவரிடம்தான் இருக்க வேண்டும் என்பது கமிட்டி விதி. அது முனியாண்டியின் சாவிக்கொத்தில், வண்டிச் சாவிகளோடு தொங்கியது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம். பெட்டி வாங்க நானும் முனியாண்டியும் வண்டியில் ஹாஜியார் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கையில் காப்பி. அங்கே காப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, நூலால் கட்டி, ஓர் உறிஞ்சு குழாயைச் செருகிக் கொடுக்கிறார்கள். இதை உங்கள் அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால், காய்கறிக் கடைக்காரச் சீன அம்மா ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு வண்டிக்குக் குறுக்கே வந்து விழுந்தார். மலாய் மொழியில் என்னவோ கத்தினார்.

"கக்கூஸ் பக்கத்துல ஆளு செத்துக் கெடக்குதாம்" என்று முனியாண்டி குதித்தார். சாவிக்கொத்தை என்னிடம் வீசினார். "பின்கதவைத் தொறந்து கறுப்புப் பைய எடுத்தாங்கண்ணே!"

திறந்தேன், எடுத்தேன், ஓடினேன்.

பிச்சைக்காரன் யாராவது கிடப்பான் என்று எண்ணிப் போனேன். கிடந்தவன் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, சட்டைப் பையில் பேனா செருகியிருந்தான். பாலிஷ் போட்ட ஷூ. இருபத்தைந்து, இருபத்தாறு வயது. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி நீலம். வாயோரம் நுரை. ஒரு கால் இரண்டு முறை வெட்டியது.

நுரையும் வெட்டும் பார்த்தால் நமக்கு வேறென்ன தோன்றும்? பையை முனியாண்டியிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் என் கை என்ன செய்தது என்று என் புத்திக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் செய்த கை.

முனியாண்டி மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, மூடியை அழுத்திப் பையை அமுக்கினார். மார்பு எழும்பியது. "மூணு, நாலு, அஞ்சு." அமுக்கு. பக்கத்தில் ஊசி கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். கூட இருந்த சிநேகிதர்கள் ஓடிவிட்டார்களாம். போலீஸ் வந்தால் அவர்களையும் அள்ளிப் போகும் என்ற பயம்.

"இவனுக்கு நான் மூச்சு குடுக்கணும், எழுந்திரிக்க முடியாது. நீங்க ஓடுங்க. ஆபீஸ் ரெண்டு தெருதான். அலமாரியத் தொறந்து செவப்புப் பெட்டி, கூடவே மிஸ்ஸி. ஓடுங்கண்ணே!"

ஓடத் திரும்பினேன். கையில் சாவி இல்லை.

சட்டைப் பையைப் பார்த்தேன். வேட்டி மடிப்பைப் பார்த்தேன். "என்னண்ணே தேடுறீங்க?" "சாவி..." "பின்கதவுல தொங்கும், பாருங்க! மூணு, நாலு..." வண்டிக்கு ஓடினேன். கதவில் இல்லை. சீட்டில் இல்லை. வந்த வழியெல்லாம் குனிந்து பார்த்தேன். சாக்கடைக்குள் கையை விட்டுத் துழாவினேன். கறுப்புச் சேறு முழங்கை வரை ஏறியது. பின்னால் முனியாண்டியின் குரல் மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது.

அந்தச் சீன அம்மாதான் என் தோளைப் பிடித்து இழுத்தார். கீழே குனிந்து, அந்தப் பையனின் இடுப்புக்கடியில் மடங்கிக் கிடந்த வலது கையைத் தூக்கிக் காட்டினார். மூடிய விரல்களுக்கு நடுவே வளையம் தெரிந்தது.

நான்தான் வைத்திருக்கிறேன். வலிப்பு என்று நினைத்து இரும்பைக் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, மறந்தும் போயிருக்கிறேன். அவனைப் பிழைக்க வைக்கிற மருந்து எந்த அலமாரியில் இருந்ததோ அந்த அலமாரியின் சாவி.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். குளத்து மீனைத் தொட்டது போல இருந்தது. முனியாண்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அஞ்சு" என்று சொல்லிப் பையை அமுக்கினார்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு எங்கோ கழன்றது. ஆபீஸில் மிஸ்ஸி என் சேற்றுக் கையைப் பார்த்து எழுந்துவிட்டார். அலமாரியைத் திறந்ததும் பெட்டியை அவரே பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முட்டிவலிக்காரர், ஓட முடியாது. வாசலில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. அங்கே ஆட்கள் முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னாலிருந்து மிதிப்பார். ஓட்டுகிற சீனத் தாத்தா நல்ல தூக்கம். மிஸ்ஸி ஏறி உட்கார்ந்து, "தள்ளுங்க!" என்றார். தாத்தா விழித்துப் பெடலை மிதிப்பதற்குள் பாதித் தெரு நானே தள்ளிவிட்டேன்.

மிஸ்ஸி பேன்ட்டுக்கு மேலேயே தொடையில் ஊசியைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். முனியாண்டி எண்ணுவது நிற்கவில்லை. நான் சுவரோரம் நின்று கும்பிட்டேன், எந்தச் சாமியை என்று கேட்காதீர்கள்.

உதட்டில் நீலம் குறைந்தது. மூச்சு ஒன்று தானாக வந்தது. பிறகு இன்னொன்று. கண்ணைத் திறந்தான். எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவான் என்று நினைத்தேன்.

"யாருடா ஊசி போட்டது? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினான். ஏறிய போதையெல்லாம் மருந்தால் இறங்கிப் போன கோபம், அசிங்கமான வார்த்தைகள். மிஸ்ஸி அசையவில்லை. "திட்டு, திட்டு. திட்டுறதுக்கு மூச்சு வேணும்ல, அது இருக்குல்ல" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். கெஞ்சி அந்த முச்சக்கர வண்டியிலேயே ஆபீஸுக்கு அழைத்து வந்தோம். அப்போதுதான் மிஸ்ஸி என்னிடம் சொன்னார்:

"நாங்க போட்ட மருந்து ஒரு மணி நேரம் நிக்கும், கூடிப்போனா இன்னும் கொஞ்சம். தூளு அதுக்கப்புறமும் ஒடம்புல இருக்கும். மருந்து எறங்கினதும் மறுபடி மூச்சு நிக்கலாம். இவனை வெளிய விடக்கூடாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன், முனியாண்டி வண்டிய எடுத்தாரட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து நெஞ்சப் பாத்து எண்ணுங்க. ஒரு நிமிஷத்துக்குப் பத்துக்குக் கீழ எறங்கினா கூப்புடுங்க."

அவன் பெயர் பாலன். கப்பல் கம்பெனியில் கிளார்க். சாப்பாட்டு நேரத்தில் வந்து போட்டுக்கொண்டிருக்கிறான். "மணி என்னா? ரெண்டு மணிக்கு ஆபீஸ் போவணும்லா" என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தான். செத்துப் பிழைத்தவன், லேட்டானால் மேனேஜர் திட்டுவார் என்கிறான்.

எனக்குத் தெரிந்த வழி பேச்சுக் கொடுப்பதுதான். பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக் கொடுத்தேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றேன். ஆகிவிட்டதாம், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தையாம். உங்களைப் பற்றிச் சொன்னேன். பூங்கொடி விழுந்த பல்லை மண்ணில் புதைத்துவிட்டு முளைக்கிறதா என்று தினமும் பார்ப்பதைச் சொன்னேன். சிரித்தான். நல்ல சிரிப்பு.

பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சாவியின் பல் பதிந்து சிவப்பாக இருந்தது. "இது என்னாண்ணே அச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான்தான் தம்பி. வலிப்புன்னு நெனச்சு சாவியைக் கையில வச்சுட்டேன். மருந்து அலமாரிச் சாவியும் அந்தக் கொத்துலதான் இருந்துச்சு. தேடித் தேடி லேட்டாயிடுச்சு."

என்னையே பார்த்தான். "ஊருலேருந்து கப்பல் ஏறி வந்து எனக்கு வீட்டுச் சாவி குடுத்தீங்களா? எந்த வீடுண்ணே, மேலயா?" என்று விரலை ஆகாயத்துக்குக் காட்டினான். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, கண் மூடியது.

தூங்குகிறான், பாவம், தூங்கட்டும் என்றுதான் தோன்றியது. சொன்னதற்காக எண்ணினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம். ஒன்பது. நான் எண்ணியது தப்பாயிருக்கும் என்று மறுபடி எண்ணினேன். ஆறு. அதுவும் நெஞ்சு எழும்புவதா, சட்டைதான் அசைகிறதா என்று சந்தேகம்.

"மிஸ்ஸி!"

இரண்டாவது ஊசி போட்டு, வண்டியில் ஏற்றினோம். முனியாண்டி ஓட்டினார். மிஸ்ஸி தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கி மூடியைப் பிடித்துக்கொண்டார். பை என் கையில். "எண்ணுங்க" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அமுக்கு. அமுக்கும்போது அவன் சட்டைப் பையின் பேனா எழும்பும், விட்டால் இறங்கும். அந்தப் பேனாவைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்த ஆள், "சைரன் சத்தம் ரெண்டு தெருவுக்கு முன்னாலயே கேட்டுச்சு" என்றார். வழியெல்லாம் அது அலறியிருக்கிறது பிள்ளைகளே. என் தலைக்கு மேலேயே. எனக்குக் கேட்கவே இல்லை.

அன்று ஃபெரியில் திரும்பும்போது முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"எந்தம்பி ஒருத்தன் இருந்தான்ண்ணே. வீட்டு வாசல்லயே விழுந்தான். நொர வந்துச்சு. எங்கம்மா அரிவாளக் கொண்டாந்து கையில வச்சாங்க. நான் தண்ணி தெளிச்சேன். பக்கத்து வீட்டுல இன்னொரு இரும்பு குடுத்தாங்க. சுத்தி உக்காந்து, வலிப்பு நிக்கும் நிக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தோம். நின்னுச்சு." கடலைத் தோலை ஊதிவிட்டார். "தூள் அடிக்கிறான்னே எங்களுக்குத் தெரியாது. அதான் இந்த வண்டிக்கு வந்தேன்."

நான் கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலன் பிழைத்திருந்தான். என்னைப் பார்த்து உள்ளங்கையை மட்டும் தூக்கிக் காட்டினான். வெளியே பெஞ்சில் அவன் மனைவி, இடுப்பில் குழந்தை, கையில் கஞ்சி ஃபிளாஸ்க். மிஸ்ஸியிடம், "வெயில்ல மயங்கிட்டாருன்னாங்க, சாப்புடாமத்தான வேலைக்குப் போறாரு" என்றாள். மிஸ்ஸி அவளைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாலன் இனிமேல் தொடமாட்டான் என்று உங்களுக்கு எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது. மிஸ்ஸிக்கும் தெரியாது. "இன்னைக்கி இருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் முனியாண்டி யாரையும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து சிவப்புப் பெட்டியை எடுத்தார். வண்டிக்குள் கை எட்டும் இடத்தில் கம்பியால் கட்டினார். பூட்டு இல்லை.

"கமிட்டி கேட்டா?" என்றேன்.

"நாகப்பட்டினத்துக்காரரு கை பட்டு அலமாரி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுறேன்லா" என்றார். சாவி தொலைந்ததற்குப் பிறகு முதல் தடவையாக என்னைக் கிண்டல் செய்தார். ஆறுதலாக இருந்தது. மிஸ்ஸி அவரைத் தடுக்கவில்லை. "போடக் கத்துக் குடுக்குறதுக்கு டாக்டர்கிட்ட நான் கையெழுத்து வாங்குறேன். கத்துக்காம தொட்டே, கைய ஒடிப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் பெட்டி கட்டினேன். சைரனை உள்ளே வைத்தால் பாதிப் பெட்டி போயிற்று. வெளியே எடுத்தேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். உங்கள் முகமெல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசியில் அதை மேஜைமேலேயே வைத்துவிட்டு, மூச்சுப் பைகள் இரண்டு, வாயிலிருக்கும் சளியை உறிஞ்சும் கால் பம்ப், நாக்கு பின்னால் விழாமல் தடுக்கும் குழாய்கள், பழகுவதற்கு ஒரு பழைய மூடி என்று அடுக்கினேன். ஹாஜியார் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா சுப்பையா, சைரன் சைரன்னு குதிச்சே. இப்ப ரப்பர் கடை வைக்கப் போறியா?"

"இருக்கட்டும் ஹாஜியார். இது போதும்."

மிஸ்ஸியிடம் நலாக்சோனையும் கேட்டேன். மருந்தை நீங்கள் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, டாக்டர்தான் வரவழைக்க வேண்டும் என்று மிஸ்ஸி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வந்த மறுநாளே நம் டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். நம் ஊருக்கு அந்தத் தூள் வராது என்று நான் சொல்லமாட்டேன். பினாங்கில் பாலனின் மனைவியும் தன் வீட்டுக்கு வராது என்றுதான் இருந்தாள். தாள் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

ஆனால் மூச்சு நிற்பது தூளால் மட்டும் இல்லை. குளத்தில் விழுந்தால் நிற்கிறது. பூச்சி மருந்து குடித்தால் நிற்கிறது. சில பாம்பு கடித்தாலும் அப்படித்தான், மார்பு அசையாமல் போய்விடும், நாம் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகலாம் என்று மிஸ்ஸி சொன்னார். எப்போது சொன்னார் தெரியுமா? ஐந்தாம் நாள், பெட்டியை மூடும்போது, போகிறபோக்கில். நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி மூடவில்லை, அதனால்தான் ஏறி உட்காருகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் வண்டியிலிருந்து அந்த இரும்புச் சாவியை அவிழ்த்துவிட்டேன். அந்த ஆணியில் இப்போது ஒரு பை தொங்குகிறது. இன்னொரு பை எங்கே என்று போன செவ்வாய்க்கிழமை செந்தில் கேட்டான். என்னிடம் இருந்தது. நான் எங்கே போயிருந்தேன் என்று அம்மாவுக்கும் தெரியாது.

ரயில்வே கேட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சரக்கு வண்டிக்குக் கேட் போடும் நேரம். ரோட்டில் யாரும் இல்லை. செல்லம்மாளை வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திய அதே இடத்தில், புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கேட் இறங்கியதும் பையைக் கையில் எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அமுக்கு. காற்று என் வேட்டியில் அடித்தது. மறுபடி ஐந்து, அமுக்கு. சரக்கு வண்டி வந்தது, பெட்டி பெட்டியாகப் போயிற்று. நான் நிறுத்தவில்லை. கேட் மேலே ஏறும் வரை விடாமல் எண்ணி அமுக்கினேன்.

நூற்றுப் பதினேழு தடவை. கை வலிக்கவில்லை.